சாமி சொன்ன மிச்ச வார்த்தை

மடைக்கருப்பு துணை

நொச்சிமடை,
எழுமலை வழி.
22.10.1979

அன்புத் தங்கச்சி ஒச்சம்மாளுக்கு அண்ணன் உக்கிரபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் மதினியும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே நீயும் மருமகள் பேச்சியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று கருப்பனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் காதில் விழுந்ததா என்பதை நீதான் எழுத வேண்டும்.

தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய மைசூர்பாகு வந்து சேர்ந்தது. உன் மதினி அதை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டித்தான் உடைத்தாள். இம்புட்டு வருஷம் மதுரையில் இருந்தும் உனக்குப் பாகு பதம் பிடிபடவில்லையே என்று சிரித்தாள். ஆனாலும் இரண்டு பேருமாகத் தின்று தீர்த்துவிட்டோம். பேச்சி வகுப்பில் முதலாவதாக வந்தாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நாலு வருஷமாக முள் முளைத்துக் கிடந்த கண்மாய் இப்போது கடல் மாதிரி கிடக்கிறது. சனங்கள் பொழுது விடிந்தால் கரைமேல் ஏறி நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள். இந்த வருஷம் கருப்பன் கோயில் பொங்கலைப் பெரிதாகச் செய்யப் போகிறார்கள். நவம்பர் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு, அடுத்த செவ்வாய் பொங்கல். நீ பேச்சியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஏழு வருஷமாகிறது ஒச்சம்மா, நீ இந்த ஊர் மண்ணை மிதித்து. நான் கேட்டும் வரவில்லை என்றால் வேறு யார் கேட்டு வருவாய்?

கரையடியில், நம் கோயிலுக்குப் பின்னால், சின்னதாக ஒரு ஊற்று கிளம்பியிருக்கிறது. பெண்பிள்ளைகள் அதில் குடம் வைத்துப் பிடிக்கிறார்கள். கருப்பனே கண் திறந்து தண்ணீர் கொடுக்கிறான் என்று ஊரில் பேச்சு. வந்தால் நீயும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
உக்கிரபாண்டி


கே.கே. நகர், மதுரை.
26.10.1979

அண்ணனுக்கு ஒச்சம்மாள் எழுதிக்கொள்வது. உன் கருப்பனுக்குக் காது கேட்கிறதோ என்னவோ, நாங்கள் இரண்டு பேரும் சுகம்தான். டாக்டரம்மா கிளினிக்கில் ஆயா வேலை தடையில்லாமல் ஓடுகிறது. மதினி சிரித்ததாக எழுதியிருந்தாய். அடுத்த தீபாவளிக்கு அவளையே வந்து கிண்டச் சொல்.

பொங்கலுக்கு வா என்கிறாய். எந்த முகத்தோடு வர? காப்புக் கட்டிவிட்டால் ஊரில் ஒருத்தரும் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது, சாமியாடி எல்லைக் கல்லைத் தாண்டவே கூடாது, மீறினால் சாமி காவு கேட்கும் என்பது எனக்குத் தெரியாததா? அது தெரிந்துதான் எட்டு வருஷத்துக்கு முன்னால் காப்புக்குள்ளே பேச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளைக்குக் கண் செருகி வாயில் நுரை தள்ளியது. பெரியாஸ்பத்திரியில் போட்டுக் காப்பாற்றினேன். பிள்ளை பிழைத்தாள். மறு வருஷம் உன் மாப்பிள்ளை லாரியில் அடிபட்டுச் செத்தார். எல்லை தாண்டியவள் தாலியைக் கருப்பன் எடுத்துக்கொண்டான் என்று ஊரே சொன்னது. ஊர்ப் பெரியவர் முத்துக்கருப்பன் என் வாசலில் நின்று சொன்னார்.

நீ அப்படிச் சொல்லவில்லை அண்ணே, எனக்குத் தெரியும். அப்படி இல்லை என்றும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமியாடி நீ. உன் வாயிலிருந்து வந்தால் ஊர் அடங்கியிருக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆறாததை ஆறிவிட்டதாக எழுதி என்ன ஆகப் போகிறது?

அது கிடக்கட்டும். அந்த ஊற்றைப் பற்றிக் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் வெங்கட்ரமணன் என்று ஒரு ஓவர்சியர் இருக்கிறார், கண்மாய் வேலைகள் பார்ப்பவர். அவர் அம்மாவுக்குக் கால் புண் கட்டு மாற்ற நான்தான் போகிறேன். பேச்சுவாக்கில் உன் ஊற்றைச் சொன்னேன். மனிதர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "தெளிவா வந்தா பரவாயில்லைம்மா. கலங்கலா வந்தா கரையை உள்ளேர்ந்து அரிக்கறதுன்னு அர்த்தம். நிறைஞ்ச கண்மாயா வேற இருக்கு" என்றார். தண்ணீர் தெளிவா, கலங்கலா? சாமி பேச்செல்லாம் இல்லாமல் பார்த்து எழுது.

உன் தங்கச்சி,
ஒச்சம்மாள்


மடைக்கருப்பு துணை

நொச்சிமடை
2.11.1979

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு தடவையும் வலித்தது. அதற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

ஊற்று தெளிவாகத்தான் வந்தது. முந்தாநாளிலிருந்து கலங்கி வருகிறது. நேற்று காலை உன் மதினி பிடித்த குடத்தில் அடியில் கைப்பிடி அளவு செம்மண் தங்கியிருந்தது. உனக்குப் பொய் எழுத மாட்டேன். நான் அதைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டினேன். தாலுகாவுக்குச் சொல்லி விட்டோம். ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மூட்டையில் மண் நிரப்பி ஊற்றைச் சுற்றி அடுக்கச் சொன்னார்கள். மேல் கண்மாய் நிறைந்து தண்ணீர் இங்கே இறங்கினால் கரை தாங்காது, பெரிய மழைக்குக் குறி தெரிந்தால் எல்லோரும் எழுமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சனங்கள் கேட்கவில்லை. ஜூலையில் அமெரிக்காக்காரனின் ஸ்கைலாப் வானத்திலிருந்து விழுந்து உலகம் அழியும் என்று ரேடியோ சொன்னதை நம்பி ஊரில் இருந்த கோழி அத்தனையும் அடித்துத் தின்றார்களே, அது இப்போது எல்லோர் வாயிலும் கிடக்கிறது. சின்னக்கருப்பன் ஜீப்காரரிடமே கேட்டான், "ஸ்கைலாப்புக்கு எம் வெடக்கோழி பூராம் போச்சு. இதுக்கு எதைய அடிச்சுத் திங்கணும், மாட்டையா?" அவர்களும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். குஜராத்தில் அணை உடைந்து ஊரோடு போனதை நான் பேப்பரில் பார்த்ததாகச் சொன்னேன். அங்கே நம்ம கருப்பன் இல்லையே என்றார்கள். கரையைக் காக்கிற சாமியே கரையடியில் இருக்கும்போது காப்பு நாளில் ஊரைக் காலி செய்தால் அவன் கோபித்துக்கொண்டு கரையை விட்டுவிடுவான் என்பது பெரியவர் பேச்சு.

எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது. கருப்பனிடம் கேட்கலாம் என்றால், நான் கேட்டு அவன் சொல்கிற வழக்கம் இல்லை. அவன் வருவான், பேசுவான், போவான். என்ன பேசினான் என்பது எனக்குத் தெரியாது. தெளிந்த பிறகு உன் மதினியைக் கேட்பேன். அவள் ஒரு சொல் விடாமல் சொல்வாள். அப்படித்தான் பதினெட்டு வயதிலிருந்து நடக்கிறது. இந்தச் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டும்போது அவன் வாயைத் திறந்தால் தேவலை.

அண்ணன்,
உக்கிரபாண்டி


கே.கே. நகர்
5.11.1979

அண்ணனுக்கு.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓவர்சியர் வீட்டுக்குப் போனேன். குடத்தில் மண் தங்கியதை வாசித்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். மூட்டை அடுக்கினால் நாள் தள்ளும், அவ்வளவுதான் என்றார். வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு நிலை உருவாகி வருகிறதாம். இந்த வாரக் கடைசியில் மழை இறங்கினால் உங்கள் கரைக்கு ஒரு பொழுதுகூட உத்தரவாதம் இல்லை என்று சொன்னார். அவர் பெரிய அதிகாரி இல்லை, ஆனால் பொய் சொல்லிப் பழகாத மனிதர்.

அண்ணே, நாளைக்குக் காப்புக் கட்டாதீர்கள். தள்ளி வையுங்கள். ஊரில் தீட்டு என்று சொல், யாருக்காவது அம்மை போட்டிருக்கிறது என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். கட்டிவிட்டால் ஊரே தன்னைத்தானே கயிற்றால் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். வீடு அத்தனையும் பள்ளத்தில் இருக்கிறது. ராத்திரியில் உடைந்தால் தூங்குகிற பிள்ளை கண் விழிக்குமா?

இந்தக் கடிதம் உனக்குப் பிந்திக் கிடைத்தால் இன்னொரு வழி சொல்கிறேன். நான் சொல்லக் கூடாத வழி. நீ ஆடு. அருள் வந்த மாதிரி ஆடு. "எல்லையைத் திறந்துட்டேன், போங்கடா" என்று கருப்பன் குரலில் சொல். அம்புட்டுத்தான். நீ சொன்னால் முத்துக்கருப்பன் முதல் ஆளாக மூட்டை கட்டுவார். உனக்கு உண்மையாக வந்ததா, வராமல் ஆடினாயா என்று எவனுக்குத் தெரியப் போகிறது?

கோபம் வரும் உனக்கு. வரட்டும். திட்டுவதானால் இங்கே வந்து திட்டு. மதினியையும் கூட்டிக்கொண்டு வா.

ஒச்சம்மாள்


மடைக்கருப்பு துணை

நொச்சிமடை
8.11.1979

ஒச்சம்மாளுக்கு.

காப்புக் கட்டி மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. மஞ்சள் கயிறு என் கையில் இருக்கும்போது அதை வாசித்தேன். பிரித்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

ஆடு என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய். நான் என்ன கூத்தாடியா? எத்தனையோ பேர் வயிற்றுப் பாட்டுக்காக ஆடுகிறார்கள், எனக்கும் தெரியும். நான் ஒரு நாள்கூட வராமல் ஆடியதில்லை. வராத வருஷம் வரவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறேன். சாமிக்கு உன்மேல் பிரியம் போய்விட்டதா என்று சனங்கள் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டேனே தவிர, காலை உதறவில்லை.

நீ போன தடவை கேட்டதற்கும் இதுதான் பதில். உன்னை ஊர் பேசியபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். அன்றைக்குக் கோயிலில் கொட்டு அடித்தார்கள். நான் நின்றேன். வா கருப்பா, வந்து என் தங்கச்சிமேல் குற்றமில்லை என்று சொல்லு என்று மனசுக்குள் அழுதேன். அவன் வரவில்லை. வந்த மாதிரி ஆடிச் சொல்லியிருந்தால் நீ இன்றைக்கும் இந்த ஊரில் இருந்திருப்பாய். எனக்கு அது தெரியாதா? என் கூடப் பிறந்தவளுக்காகச் சொல்லாத பொய்யை இப்போது சொல்லச் சொல்கிறாய். சாமி சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னால் அப்புறம் அவன் பேர் சொல்ல என் வாய்க்கு என்ன யோக்கியதை?

காப்பு அன்றைக்கும் அவன் வரவில்லை. கொட்டு அடித்து ஓய்ந்துவிட்டார்கள்.

நேற்றிலிருந்து மழை விடவில்லை. ஊற்று இப்போது மூன்று இடத்தில் கிளம்பியிருக்கிறது. கரையில் வளை தோண்டிக் கிடந்த பாம்புகள் வெளியே வந்து தெருவில் ஊர்கின்றன. காப்பு நாளில் அடிக்கக் கூடாது என்று எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். கோயில் பின்சுவரில் கை நுழைகிற அளவு ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. மாடுகள் கட்டுத்தறியில் படுக்காமல் நிற்கின்றன.

நீ கோபித்துக்கொள்ளாதே. நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

உக்கிரபாண்டி


கே.கே. நகர்
10.11.1979

அண்ணனுக்கு.

இதைத் தபாலில் போடவில்லை. எழுமலை பஸ் கண்டக்டரின் கையில் கொடுத்து, உங்கள் ஊர்த் தலையாரி சோணையிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்காக நீ அழுதாய் என்று ஏழு வருஷம் கழித்து எழுதுகிறாய். வாசித்துவிட்டு நானும் அழுதேன். அன்றைக்கே வந்து இதைச் சொல்லியிருந்தால், எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று இருந்திருப்பேனே. சரி, அது போகட்டும். எனக்காக நீ பொய் சொல்லாததை நான் இன்றோடு மன்னித்துவிட்டேன். அது ஒருத்திக்கு வந்த அவப்பேர்தான். இது அப்படியா? அறுபது வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கரைக்குக் கீழே தூங்குகின்றன.

புயல் சின்னம் என்று ரேடியோவில் மணிக்கு ஒரு தடவை சொல்கிறான். உன் வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளைகள் சாக வேண்டுமா? சாமிக்கு நீ பொய்யனாகிவிடுவாய் என்று பயப்படுகிறாய். ஆகிவிட்டுப் போ. உன் ஒருத்தன் பாவம்தானே. அதைச் சுமக்க முடியாதவனை எதற்காகக் கருப்பன் பிடித்தான்?

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதுவதாக இருந்தால் எல்லைக்கு வெளியே வந்து நின்று எழுது.

ஒச்சம்மாள்


நொச்சிமடை
11.11.1979, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

என் தங்கச்சிக்கு.

நீ எழுதாதே என்றாய். எல்லைக்கு உள்ளே இருந்துதான் எழுதுகிறேன். மேலே சாமி பேர் போடவில்லை. போடக் கை வரவில்லை.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன்.

காலையில் உன் கடிதத்தைச் சோணை கொண்டுவந்து கொடுத்தான். வாசித்துவிட்டு முதலில் மனுஷனாகக் கேட்டுப் பார்ப்போம் என்று பெரியவர் வீட்டுக்குப் போனேன். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது, பொழுது சாயத் தண்ணீர் இங்கே வந்துவிடும் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். "காப்புக் கட்டுன கையோட வந்து ஓடிப்போகச் சொல்றியேப்பா. சாமி சொல்லட்டும், போறோம்" என்றார். வருகிற வழியில் சின்னக்கருப்பன் வீட்டைப் பார்த்தேன். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத அவன் மகள், பிள்ளையைப் பரண்மேல் கிடத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சாமி காப்பாத்திரும்ல மாமா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். அங்கேயே என் முதல் பொய் வந்துவிட்டது ஒச்சம்மா.

நேரே கோயிலுக்குப் போய்க் கொட்டு அடிக்கச் சொன்னேன். மழையோடு சனம் கூடியது. கண்ணை இறுக்கி மூடினேன். காலை உதறினேன். எனக்கு வந்தால் எப்படி ஆடுவேன் என்று நானே பார்த்ததில்லை, மற்ற சாமியாடிகள் ஆட நான் பார்த்த மாதிரி ஆடினேன். வெட்கமாக இருந்தது. "எல்லையைத் தெறந்துட்டேன். காப்பை அத்துப் போட்டுட்டுப் பொழுது சாயமுன்ன அம்புட்டுப் பேரும் வெளியேறுங்கடா" என்று கத்தினேன். அதுவரை நினைவிருக்கிறது. அது என் குரல்தான், என் வார்த்தைதான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நினைவில்லை. கண் திறக்கும்போது உன் மதினி முகத்தில் தண்ணீர் அடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். சனங்கள் காப்பை அறுத்துவிட்டுப் பிள்ளை குட்டிகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்தான் முன்னால் போனார், நீ சொன்ன மாதிரியே.

அந்த நினைவில்லாத நேரத்தில் என்ன நடந்தது என்று உன் மதினியிடம் நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்பேன், இன்றைக்குக் கேட்கவில்லை. விரதத்தில் பட்டினி கிடந்த உடம்பு, மழையில் நின்று கத்தியது, மயக்கம் போட்டிருக்கும். அவளிடம் கேட்டு அவள் ஏதாவது சொன்னால், கருப்பன் வந்துதான் பேசினான் என்று நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன். நம்பினால் நானும் போய்விடலாமே. உயிர் பிழைக்கச் சௌகரியமாக இருக்கிறதென்று ஒன்றை நம்பினால் அதற்குப் பேர் பக்தி இல்லை. பயம்.

அதனால் நான் போகவில்லை. மற்றவர்களுக்குக் காப்பை அவிழ்த்துவிட்டவன் நான். அவர்கள் சாமி சொல்லிப் போகிறார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. எனக்கு அவிழ்க்க யார் சொன்னது? சாமி சொல்லவில்லை என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நானும் தாண்டினால், இத்தனை பேர் தாண்டியதற்கு அவன் யாரைப் போய்க் கேட்பான்? மாப்பிள்ளை செத்தது அதனால்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். இருந்துவிட்டால் என்ன செய்வது? இந்தத் தடவை எந்தப் பெண்பிள்ளை வாசலிலும் போய் யாரும் நிற்க வேண்டாம். கேட்கிறதை இங்கேயே என்னிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

உன் மதினியைச் சோணையோடு அனுப்பிவிட்டேன். கோயில் விளக்கை அமர்த்திக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால வாரேன் என்று சொன்னேன். இன்றைக்குப் பொய் சொல்லக் கூச்சமே இல்லாமல் போய்விட்டது. மாடுகளை ஓட்டிக்கொண்டு போகத் திரும்பி வந்த ஒரு பையனைப் பிடித்து இதை எழுமலைத் தபால் பெட்டியில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன்.

கரை நின்றாலும் நிற்கும். நின்றுவிட்டால் செவ்வாய்க்கிழமை நான் ஒருத்தனாகவே பொங்கல் வைத்துக் காப்பை இறக்கிவிட்டுக் கே.கே. நகருக்கு வருவேன். உன் வீட்டு வாசலில் நின்று நீ திட்டுகிற அத்தனையும் வாங்கிக்கொள்வேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீ சொல்லித்தான் நான் செய்தேன் என்று மனசைப் போட்டு வருத்தாதே. பரண்மேல் கிடந்த அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் செய்தேன். அது சாமியா, நானேதானா என்ற கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உனக்கு என்ன தோன்றுகிறது?

பேச்சிக்கு எடுத்த துணி உன் மதினியின் மூட்டையில் இருக்கிறது. மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்.

அண்ணன்,
உக்கிரபாண்டி


கே.கே. நகர்
17.11.1979

என் அண்ணனுக்கு.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ரோடெல்லாம் அரித்துப் போய்த் தபால் வண்டி ஓடவில்லையாம். உன்னை எரித்துவிட்டு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி உட்கார்ந்திருக்கும்போது தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். பதில் போடவில்லை என்றால் குத்திக்காட்டுவாய். அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் ஓவர்சியர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில் கரை கோயிலோடு சேர்ந்து போய்விட்டது, ஆனால் ஊர்ச் சனம் பத்திரம், எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். சொன்னபடி செய்துவிட்டான் என் அண்ணன் என்று பேச்சியைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். மதினியும் நீயும் ஈரத்தோடு இருப்பீர்கள் என்று போர்வை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தாள். உன்னைக் காணவில்லை. வழியில் எங்கேயோ ஒதுங்கியிருப்பாய் என்று அவர்கள் சொன்னார்கள். கோயிலைப் பூட்டும்போது தண்ணீர் வந்துவிட்டதோ என்று சோணை தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் காலையில் கருவேலங்காட்டில் கண்டெடுத்தார்கள். கையில் காப்பு அப்படியே இருந்தது. எல்லோரும் அறுத்துப் போட்ட பிறகும் சாமியாடி கடைசிவரை காப்போடு இருந்தார் பார் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

ஒரு உயிர்கூடப் போகவில்லை அண்ணே, உன்னைத் தவிர. அந்தப் பத்து நாள் பிள்ளையை என் மடியில் போட்டார்கள். உன் பேரைத்தான் வைக்கப் போகிறார்களாம். முத்துக்கருப்பன் என் எதிரே தரையில் உட்கார்ந்து, "உன்னைய அன்னைக்குப் பேசுனது எங்க தப்புத்தா" என்றார். தண்ணீர் வடிந்ததும் கருப்பனுக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு கல் நடப் போகிறார்கள். சாமி சொன்னது பலித்தது என்று ஊரே பேசுகிறது. எனக்குத் தெரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆடச் சொன்னவளே நான்தானே. நீ மனசை வருத்தாதே என்று எழுதினால் வருத்தாமல் இருந்துவிடுமா? ராத்திரியும் பகலும் அதுதான் தின்கிறது. உன்மேல் அம்புட்டுக் கோபம் வருகிறது. அழுகிறேன், திட்டுகிறேன், மறுபடி அழுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது சாமியா, நீயா என்று எனக்குத் தெரியாது. சாமி சமாசாரத்தில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை அரைகுறைதான், உனக்குத் தெரியும். ஆனால் உனக்கு நினைவில்லாத அந்த நேரத்தில் உன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வைத்து மதினி அழுதுகொண்டே ஒரு சொல் விடாமல் சொன்னாள். அங்கே நின்ற சோணையும் அதையேதான் சொன்னான்.

எல்லோரும் ஓட ஆரம்பித்த பிறகு நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றாயாம். உன் குரல் மாதிரியே இல்லையாம், தணிந்து வந்ததாம். "எம் பிள்ளை உக்கிரபாண்டியை விட்டுட்டுப் போயிராதீக. அவன் காப்பையும் நான் எறக்கிட்டேன். வரமாட்டேம்பான், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

சோணை உன் கையைப் பிடித்தானாமே. பின்னால வாரேன் என்று நீ சொன்னதும், சாமியே சொல்லியாகிவிட்டது, வராமலா இருப்பார் என்று விட்டுவிட்டானாம். சாமி சொன்னது உனக்குத் தெரியாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எப்போதும் அவராகவே கேட்பார், அன்றைக்குக் கேட்கவில்லை, அவசரத்தில் நானும் சொல்லவில்லை என்று மதினி சொன்னாள். நீ ஏன் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். காட்டினால் அவள் அப்புறம் உயிரோடு இருக்க மாட்டாள்.

துணியை வாங்கிக்கொண்டேன். பேச்சிக்கு அளவு சரியாக இருக்கிறது. மதினி இனி எங்களோடுதான் இருப்பாள்.

பயமோ பக்தியோ, எதுவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். நீ அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணே.

உன் தங்கச்சி,
ஒச்சம்மாள்